பன்னிரண்டாவது ஆணி

இசக்கிச்செல்வியின் டீக்கடைச் சுவரில் பன்னிரண்டு ஆணிகள் இருந்தன. பதினொன்றில் படங்கள் தொங்கின. கடைசி ஆணி மட்டும் ஐப்பசியிலிருந்து காலியாகக் கிடந்தது. சில நாள் அதில் டீ வடிகட்டும் துணி காயும். சில நாள் அவருடைய கணவர் திருப்பதி, சட்டையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு அடுப்பு முன்னால் நிற்பார்.

கோவில்பட்டியில் ரயில் நிலையச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது அந்தக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். எண்பதுகளின் பாட்டைத் தவிர எங்களுக்குள் பொதுவாக எதுவும் கிடையாது. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஜெயபாண்டி எங்களுக்குச் செயலாளர் மாதிரி. அவர்தான் ஒருநாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"செல்வி, இந்தச் செவரு சும்மாதான கெடக்கு? எண்பதுகளோட ஜாம்பவான்கள்னு பன்னெண்டு பேரு படத்த மாட்டுவோமா?"

"மாட்டுங்க அண்ணாச்சி. வெடிச்ச எடமெல்லாம் மறையும்லா."

கண்ணாடிச் சட்டங்களை நாங்கள் வாங்கினோம். ஆணிகளைச் செல்வியே ஸ்டூலில் ஏறி அடித்தார். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு ஒரு சின்ன விழா வைத்துப் படங்களைத் திறப்பது என்று பேச்சு.

இளையராஜாவைப் பற்றி விவாதமே நடக்கவில்லை. முதல் ஆணி அவருக்குப் போனது. மற்றவர்களுக்காகத்தான் தொண்டை கட்டும்வரை கத்தினோம். நாலைந்து படங்களுக்கு இசையமைத்துவிட்டுக் காணாமல் போனவரைச் சேர்க்கலாமா? நூற்றுக்கணக்கில் பாடியும் எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பாடியவரைச் சேர்க்கலாமா? எங்களில் இளையவரான கோகுலகிருஷ்ணன் இதற்கெல்லாம் விதிகள் வைத்திருந்தார். சொந்தச் சரக்கு இருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்துக் கற்றிருக்க வேண்டும். இன்றைக்குக் கேட்டாலும் பழசாகத் தெரியக் கூடாது.

"ஏலே, நீ அப்பம் பொறக்கவே இல்ல. எண்பதுக்கு நீ சட்டம் போடுத" என்பார் ஜெயபாண்டி.

"பொறந்தவிய ஒழுங்காக் கேக்கல அண்ணாச்சி. அதான் நான் கேக்கேன்."

இந்தச் சத்தத்துக்கு நடுவே, கார்த்திகையில் ஒரு ஞாயிறு, கல்லாவுக்குப் பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது.

"பன்னெண்டாவது பிச்சையா அண்ணாச்சி படம்."

எங்களில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. எந்தப் படத்துக்கு இசையமைத்தவர் என்று ஜெயபாண்டி கேட்டார்.

"படத்துக்கெல்லாம் இல்ல. விளாத்திகுளம் பக்கம். நையாண்டி மேளத்துல நாயனம் வாசிச்சாவ."

சிரித்துவிட்டோம். நானும்தான். திருப்பதி சிரிக்கவில்லை. "என் கல்யாணத்துக்கு வாசிச்சவருதான். தாலி கட்டுத நேரத்துலயும் இவ என்னப் பாக்கல, அவரத்தான் பாத்தா" என்று பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

செல்வி அவரையும் கண்டுகொள்ளவில்லை. எங்களைப் பார்த்து ஒரு பாட்டின் முதல் வரியை முனகினார். எண்பத்து நான்கில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த பாட்டு. எங்கள் பதினொரு படங்களில் இரண்டு பேர் அந்தப் பாட்டால்தான் உள்ளே வந்திருந்தார்கள்.

"இது பிச்சையா அண்ணாச்சி போட்ட பாட்டு. எங்க ஊருக் கோயில் கொடையில வாசிச்சாவ. அதுக்குப் பெறகுதான் சினிமாவுல வந்துச்சு. சினிமாக்காரன் எடுத்துக்கிட்டான்."

இப்போது சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கோகுலகிருஷ்ணன் மட்டும் சிரிக்காமல், "அடுத்த வாரம் பாத்துட்டு வந்து சொல்லுதேன்க்கா" என்றார்.

"பாரு. எனக்கென்ன பயமா?"

செல்வி பயந்து நான் பார்த்ததில்லை. பசுவந்தனைக்குக் கிழக்கே இருபது முப்பது வீடுகள் உள்ள ஊர் அவருடையது. அப்பா ஆடு மேய்த்தவர். செல்விக்கு விவரம் தெரியும் முன்பே பாம்பு கடித்து இறந்துபோனார். அம்மா அழகுத்தாய் அந்த ஆடுகளைத் தானே மேய்ச்சலுக்குப் பத்திக்கொண்டு போனார். பெண் கம்பைப் பிடித்துக் காட்டில் நடப்பதா என்று ஊரில் பேசியதாகவும், கம்பை அவர்கள் பக்கம் நீட்டி "நீங்க பத்துதீங்களா?" என்று அழகுத்தாய் கேட்டதாகவும் செல்வி சொல்வார். வீட்டில் ஆண் வாரிசு இல்லை. செல்வியும் ஒரு தங்கையும்தான்.

பதினாறு வயதில் செல்வி கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்தார். ஒரு தடவை மேஸ்திரி, வேலை கெடுகிறது என்று ரேடியோவை அணைத்துவிட்டான். செல்வி தீக்குச்சிக் கட்டை அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவளும் கையைக் கட்டினாள். மத்தியானத்துக்குள் ரேடியோ மறுபடி பாடியது. இந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்.

திருப்பதி அதே ஆபீஸில் லாரிக்குப் பண்டல் ஏற்றியவர். பெண் கேட்டுப் போனபோது செல்வி வைத்த நிபந்தனை ஒன்றுதான்: மேளம் பிச்சையாவாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பேண்டு வாத்தியம் பேசி வைத்திருந்தார்கள். பேண்டு வந்தால் பெண் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு கோகுலகிருஷ்ணன் போனோடு வந்தார். அவர் குரலில் வெற்றி பெற்ற தொனி இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

"அக்கா, உங்க ஊருக் கொடை எப்பம்?"

"சித்திரை கடேசிச் செவ்வா."

"அந்தப் பாட்டோட இசைத்தட்டு அந்த வருசம் தை மாசமே வந்துருக்கு. படம் பங்குனியில ரிலீஸ். பிச்சையாதான் அதக் கேட்டு வாசிச்சிருக்காரு. உங்க பக்கத்து டூரிங் டாக்கீஸுக்குப் படம் வர லேட்டாயிருக்கும். அதான் உங்களுக்கு அப்படித் தோணிருக்கு."

செல்வி அந்தப் போனை வாங்கிப் பார்த்தார். படம் வெளியான தேதியும் இசைத்தட்டின் உறையும் அதில் இருந்தன. திரும்பக் கொடுத்துவிட்டு, கழுவ வேண்டிய கிளாஸ்களைத் தொட்டியில் போட்டு ஒவ்வொன்றாகக் கழுவினார். திருப்பதி அடுப்பைக் குறைத்துவிட்டார்.

இந்தத் தப்பு செல்வி ஒருவருடையதல்ல. அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் பல பாட்டுகள் படத்துக்கு முன்னால் நாயனத்தில்தான் வந்து சேர்ந்தன. மேளக்காரர்கள் கோவில்பட்டிக்கு வந்து, கடைவாசலில் நின்று புதுப்பாட்டைக் கேட்டுப் பாடம் செய்துகொண்டு போய் அடுத்த கொடையில் வாசிப்பார்கள். நாலைந்து மாதம் கழித்து டூரிங் டாக்கீஸின் ஒலிபெருக்கிக் குழாயில் அதே பாட்டுக் கேட்கும். காட்டில் கிடை போட்டு ஆட்டோடு படுத்தவர்களுக்கு எது முந்தி, எது பிந்தி என்று எப்படித் தெரியும்? காதில் முதலில் விழுந்தது எதுவோ அதுதான் மூலம். நாம் எல்லோருமே ஏதோ ஒரு விஷயத்தில் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். நம்முடையதை யாரும் போனில் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசிக் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செல்வி சொன்னார்: "சரி. நான் சொன்னது தப்பு. எங்கம்மா சொன்னதும் தப்பு. பாட்டு சினிமாக்காரன் பாட்டுதான்."

"விடு செல்வி" என்றார் ஜெயபாண்டி.

"எதுக்கு விடணும்? ஆணி பிச்சையா அண்ணாச்சிக்குத்தான்."

"ஏம்மா, இப்பதான தப்புன்னு ஒத்துக்கிட்ட?"

"பாட்டு யாருதுங்கதுல தப்பு. ஆளுல தப்பில்ல."

பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாக அந்த வருசக் கொடையைச் சொன்னார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. சண்டைக்கு நிற்கிறவர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

அவர்கள் ஊரில் காளியம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டுக்கு வரி. கல்யாணமான ஆண் இருந்தால்தான் அந்த வீடு ஒரு தலைக்கட்டு. கொடையன்று சாயங்காலம் மேளம் வீடு வீடாகப் போகும். வரி கொடுத்த வீட்டு வாசலில் நின்று ஒரு பாட்டு வாசிக்கும். அந்த வீட்டுப் பெண் பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மேளத்தின் பின்னால் சேர்ந்துகொள்வாள். அப்பா போனதும் செல்வியின் வீடு தலைக்கட்டுக் கணக்கிலிருந்து போய்விட்டது. கொடுக்கிறேன் என்று அழகுத்தாய் போய் நின்றும் வரியை வாங்கவில்லை. வரி இல்லாத வீட்டில் மேளம் நிற்காது. நடந்துகொண்டே கடந்து போகும். அழகுத்தாய் பானையோடு வாசலில் நின்று, எல்லோரும் போன பிறகு கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்வார்.

"உரம் வேணும்னா எங்கம்மாகிட்ட வருவாவ. அழகுத்தாயி, எங்க காட்டுல ரெண்டு நாளு கிடை போடு தாயின்னு கெஞ்சுவாவ. எங்க ஆட்டுப் புழுக்கை அவிய காட்டுக்கு வேணும். மேளம் மட்டும் எங்க வாசலுக்கு வேண்டாம்."

எண்பத்து நான்கில்தான் அந்த ஊருக்குப் பிச்சையா முதன்முதலாக வந்தார். மேளம் செல்வியின் வீட்டைத் தாண்டிப் போனது. போன மேளம் நின்றது. பிச்சையா திரும்பி நடந்து வாசலுக்கு வந்தார்.

"நாட்டாமை கத்துதாரு. 'ஏலே, அந்த வீட்டுக்கு வரி கெடையாது, நட'ங்காரு. அண்ணாச்சி நாயனத்துலருந்து ஊதுத சீவாளிய எடுத்து, வேட்டியில தொடச்சு, திருப்பி மாட்டுதாவ. மாட்டிக்கிட்டே சொன்னாவ, 'வரி உங்க கணக்கு மொதலாளி. மூச்சு என்னுது.'"

தவில்காரர் பயந்துபோய் அடிக்கவில்லை. பம்பைக்காரரும் அடிக்கவில்லை. தாளமே இல்லாமல் பிச்சையா ஒற்றை நாயனத்தில் அந்தப் பாட்டை முழுக்க வாசித்தார். முடிந்ததும் அழகுத்தாய் பானையைத் தூக்க மறந்து நின்றார். அதனால் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். இரண்டாம் தடவை பானை தலைக்கு ஏறியது.

"அன்னைக்குத்தான் எங்கம்மா முன்னால நடந்தா. 'ஏம்மா, இது என்ன பாட்டு?'ன்னு கேட்டேன். 'நம்ம வீட்டுப் பாட்டுட்டி'ன்னா. ஆவணியில டாக்கீஸுக் குழாயில அதே பாட்டு வந்துச்சு. நம்ம பாட்ட எடுத்துட்டான் பாருன்னா. சாகுத வரைக்கும் அப்படித்தான் சொன்னா."

அடுத்த வருசம் வேறு மேளம் பேசினார்கள். பிச்சையாவை அந்த ஊர் மறுபடி கூப்பிடவே இல்லை.

கதை முடிந்ததும் யாரோ உச்சுக்கொட்டினார்கள். செல்வி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சத்தம் பாதியிலேயே நின்றது.

ஜெயபாண்டி நல்ல மனிதர். ஒரு வழி சொன்னார். பன்னிரண்டாவதாக நாங்கள் பேசி வைத்திருந்த பாடகியின் படம் இருக்கட்டும். அதற்குக் கீழே சின்னதாக ஒரு சட்டத்தில் பிச்சையாவுக்கும் இடம் கொடுக்கலாம். 'நம் வட்டாரக் கலைஞர்' என்று எழுதலாம்.

"கீழயா?"

"கொஞ்சம் கீழ. பக்கத்துலன்னு வச்சுக்கோ."

"வால்ல சேந்துக்கன்னு சொல்லுதீங்க. எங்கம்மாவ நிக்க வச்ச எடத்துலதான் அவியளையும் நிக்கச் சொல்லுதீங்க."

"செல்வி, நியாயத்தப் பேசு. நல்ல மனசு வேற, மேதை வேற. நல்ல மனசுக்கெல்லாம் படம் மாட்டுனா ஊருல செவரு பத்தாது."

அது வலுவான வாதம். நான் அதோடு ஒத்துப்போனேன். இன்றைக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். பிச்சையாவின் வாசிப்பு எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியாது. ஒலிப்பதிவு எதுவும் இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. கேட்காத ஒன்றை எப்படிப் புகழ்வது? கையைத் தூக்கச் சொன்னபோது எல்லோரும் பாடகிக்குத்தான் தூக்கினோம். கோகுலகிருஷ்ணன் கடைசியாகத் தூக்கினார்.

செல்வி கைகளை எண்ணவில்லை. "ஓட்டுப் போட்டாச்சுல்லா? டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். அன்றைக்கு டீயில் சர்க்கரை இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து ஜெயபாண்டி கேட்டார். மறக்கவில்லை என்று திருப்பதி கண்ணால் சொன்னார்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு, பாடகியின் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். பன்னிரண்டாவது ஆணியில் ஏற்கெனவே ஒரு படம் தொங்கியது. செல்வியின் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. மணவறையின் ஓரம் தெரிந்தது. ஒரு வேட்டி, முழங்கை, நேராகக் கேமராவை நோக்கித் தூக்கிய நாயனம். அதன் விரிந்த வாய் முகத்தை முழுசாக மறைத்திருந்தது.

"இதுல ஆளே தெரியலையே?" என்றார் ஜெயபாண்டி.

"வாசிச்சுக்கிட்டு இருந்தாவ. ஒங்க ஆளுகள மாதிரி போட்டோவுக்குச் சிரிச்சுக்கிட்டா நிப்பாவ?"

"செல்வி, முடிவா சொல்லுதேன். இத எடுத்துரு. இல்லன்னா எங்க படத்த எல்லாம் எடுத்துக்கிட்டு வேற எடம் பாத்துக்கிடுவோம்."

மிரட்டலாகத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அந்தக் கடைக்குச் சின்ன விஷயமில்லை. எங்களைப் பார்த்துப் பேச்சுக் கேட்க வருகிறவர்களும் உண்டு. திருப்பதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஏட்டி..." என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். முதல் படத்தை எடுத்துக் கண்ணாடியைச் சேலை முந்தானையால் துடைத்து ஜெயபாண்டியின் கையில் கொடுத்தார். பிறகு இரண்டாவது. ஒவ்வொன்றையும் துடைத்துத்தான் கொடுத்தார்.

"இவிய மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. பிள்ளையத் தூங்க வச்சது, கட்டை அடுக்குனது எல்லாம் இவிய பாட்டக் கேட்டுத்தான். பெரியவியதான். ஆனா இவியளுக்கு ஊரெல்லாம் செவரு இருக்கு அண்ணாச்சி. நான் எறக்குனா இன்னொருத்தன் மாட்டுவான். பிச்சையா அண்ணாச்சிக்கு இது ஒண்ணுதான்."

பதினொரு படங்களையும் எங்களிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். ஆணிகளை எடுக்க வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். "ஆணி நான் அடிச்சது" என்றார்.

விழாவை ஜெயபாண்டியின் மச்சினர் மண்டபத்து மாடியில் நடத்தினோம். நன்றாகத்தான் நடந்தது. எல்லோரும் பேசினோம், பாட்டுப் போட்டோம். அவரவர் போட்டது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகவே இருந்தது. கோகுலகிருஷ்ணன் பாதியில் எழுந்து போனார்.

மாசியில் நான் செல்வியின் கடைக்குப் போனேன். கோகுலகிருஷ்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னாலேயே வரத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது. சுவரில் பதினொரு ஆணிகள் காலியாக இருந்தன. திருப்பதியின் சட்டை முதல் ஆணியில் தொங்கியது. அடுப்புப் புகை படிந்த சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் பதினொரு கட்டங்களாகக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. நாயனத்தின் படம் கடைசி ஆணியில், அதே இடத்தில் இருந்தது.

"அக்கா, ஒரு பேராவது எழுதி ஒட்டலாம்லா? யாருன்னு தெரியாதுல்லா" என்றார் கோகுலகிருஷ்ணன்.

"எழுதுனா வாசிச்சிட்டுப் பேசாமப் போயிருவான். எழுதலன்னாதான் கேப்பான்."

அப்போது ரயிலுக்குக் காத்திருந்த ஒருவர், வெளியூர்க்காரர், கையில் கிளாஸோடு சுவரைப் பார்த்தார். இத்தனை ஆணிகளில் ஒரே படம், அதிலும் முகமே இல்லை. "யாரும்மா இது?" என்று கேட்டார்.

செல்வி கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவை விட்டு வெளியே வந்தார். கோகுலகிருஷ்ணனைப் பார்த்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டினார். திருப்பதி, "போச்சு, இந்த ஆளு ரயில விட்டாரு" என்றபடி அடுப்பைக் குறைத்தார்.

"பிச்சையா அண்ணாச்சி. எண்பத்து நாலுல ஒரு பாட்டு வந்துச்சு, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது சினிமாக்காரன் போட்ட பாட்டுதான், இந்தத் தம்பி தேதி பாத்துச் சொல்லிருக்கு. ஆனா எங்க வீட்டு வாசல்ல..."

வெளியூர்க்காரர் நின்றபடி கேட்கத் தொடங்கினார். செல்வி பெஞ்சை அவர் பக்கம் தள்ளினார்.